ஆடும் வளையத்தை இறுக்காதீர்கள்

செல்வி, ரியாஸ், நீங்கள் இரண்டு பேரும் என்னிடமிருந்து வாத்திய ரிப்பேர் கடையை ஏற்று நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கவில்லை. சந்தோஷம்தான். ஆனாலும் எதுவுமே கேட்காத ஆளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆடி பிறக்கப் போகிறது, காற்று இப்போதே கதவை அடிக்க ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கேட்கும்வரை காத்திருந்தால் ஆவணி வந்துவிடும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

துளையை மூடுகிற பேடை மாற்றுவது, மூட்டுக்குக் கார்க் ஒட்டுவது, விரல் அழுத்துகிற கீ வளைந்தால் நிமிர்த்துவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தைப் பிடுங்கப் போவதில்லை. மரக் கிளாரினெட் வெடிக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். வெடித்ததை ஒட்டிக் கொடுக்க ஊருக்கு ஒருவர் இருக்கிறார். வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறவர் குறைவு. வெடிக்காத கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, உங்களால்தான் இது வெடிக்கவில்லை" என்று நன்றி சொல்ல எவரும் வந்ததில்லை. உங்களிடமும் வரமாட்டார்கள், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

விஷயம் சின்னது. வாசிக்கிறவருடைய மூச்சில் சூடும் ஈரமும் இருக்கிறது. குழாயின் உட்பக்கம் அதில் ஊறி விரிகிறது. வெளிப்பக்கமோ காற்றுபட்டுக் காய்ந்து சுருங்கிக் கிடக்கிறது. டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. யாராவது ஒருவர் தெறித்து வெளியே வர வேண்டும். மரத்துக்கு எழுந்து போகத் தெரியாது, வெடிக்கிறது.

அதிலும் நம் ஊர் காற்று தனி ரகம். தென்காசியில் சாரலாக விழுகிற அதே காற்றுதான் இங்கேயும் வருகிறது. ஆனால் கையில் இருந்த ஈரத்தையெல்லாம் மலையடியிலேயே கொடுத்துவிட்டு, நம்மிடம் வரும்போது வெறும் கையோடு வருகிறது. குற்றாலத்துப் பக்கம் ஒரு வாரம் வாசித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் வந்து இறங்குகிற கிளாரினெட்டைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இப்போது போதாக்குறைக்குக் கல்யாண மண்டபத்தில் எல்லாம் ஏசி போட்டுவிட்டார்கள். வெளியே வெயிலில் நிற்கிற காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் மூச்சைக் கட்டி ஊதுகிறார்கள். யூடியூபில் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கிளாரினெட்டுக்கு எண்ணெய் போடச் சொல்லித் தருகிறாராம். நல்ல மனிதராக இருக்கலாம். அவர் ஊரில் ஆடிக் காற்று அடிக்காது.

இந்த முப்பது வருடத்துக்கும் மேலான வேலையில் மரத்தை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று ஜனங்கள் எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். ஒரு கோயில் கொடை விழாவில் அதிகாலை. மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சினால்தான் மேளம் கணீரென்று பேசும். அவர்களோடு சேர்ந்து கிளாரினெட்காரரும் குழாயை நெருப்புக்குக் காட்டியிருக்கிறார். மறுநாள் என்னிடம் கொண்டுவந்தபோது குழாயின் மேல் துண்டு நெடுக வாய் பிளந்திருந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் காச்சுதாவ. நான் மட்டும் கைய கட்டிக்கிட்டு நின்னா, எனக்கு என்னமோ வேல தெரியாத மாதிரி இருந்துச்சுக்கா" என்றார்.

குளிர் நேரத்தில் கிளாரினெட்டுக்குச் சூடு வேண்டும் என்றால், மேல் துண்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து நிமிடம் உடம்புச் சூடு போதும்.

திருவேங்கடத்திலிருந்து ஒருவர், வெடிக்கக் கூடாது என்ற அக்கறையில், கிளாரினெட்டை அப்படியே ஒரு அண்டாவில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஊற வைத்துவிட்டார். கீயைக்கூடக் கழற்றவில்லை. எடுத்துக்கொண்டு வரும்போது பேடெல்லாம் ஊறிப்போன அப்பளமாக இருந்தது. "உலக்கைக்குப் போடுதோம்லா, இதுக்குப் போட்டா என்ன?" என்று என்னிடமே சண்டை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இன்னொருவர், பெட்டிக்குள் ஆரஞ்சுத் தோல் வைத்தால் ஈரம் காக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆரஞ்சுக்கு எங்கே போவது என்று புளியங்குடி மார்க்கெட்டில் ஒரு பை எலுமிச்சை வாங்கி, பிழிந்த தோலையெல்லாம் பெட்டிக்குள் அடைத்துவிட்டார். நாலாம் நாள் பெட்டிக்குள் வெல்வெட்டு முழுக்கப் பூஞ்சை. அவர் வீட்டில் ஊறுகாய்க்கும் தோல் மிஞ்சவில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் போனில் திட்டினார்.

இதெல்லாம் அடுத்தவர்கள் செய்த தவறு, சொல்லிச் சிரிக்கலாம். நான் செய்ததைச் சொல்ல வருகிறேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தையல்காரி என்பது உங்களுக்குத் தெரியும். சர்ச் பேண்டில் இருந்த ஒருவர், பேடு வெட்ட நுணுக்கமான கை வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. கை பழகிவிட்டது, ஆனால் தையல்காரி புத்தி போகவில்லை. எது லூசாக இருந்தாலும் பிடித்துத் தைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது.

தங்கச்சாமி என்று ஒரு கிளாரினெட்காரர். இளையரசனேந்தல் பக்கம் ஊர். கல்யாணம், கோயில் விசேஷம், ஊர்வலம் என்று இருபது வருடம் பிளாஸ்டிக் கிளாரினெட்டிலேயே வாசித்தவர். கேரளாவில் வாசிப்பை நிறுத்திய ஒரு மூத்த கலைஞரிடமிருந்து அவருக்கு ஒரு மரக் கிளாரினெட் கிடைத்தது. கறுப்பு மரம், பழையது, நல்ல ஜாதி. அதைத் துணியில் சுற்றி, துணியைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வருவார். ஆளும் வாசிப்பும் அமைதி. அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

ஆறேழு வருடம் முன்பு, ஆடி பிறந்த முதல் வாரம் அவர் கடைக்கு வந்தார். தபசுத் திருவிழா நெருங்குகிற நேரம். மேஜை மேல் ஏழெட்டு வாத்தியம் கிடக்கிறது, எல்லோருக்கும் இன்றைக்கே வேண்டும்.

"அக்கா, இந்த ரிங்கு ஆடுது. வாசிக்கும்போது கடகடங்குது. எனக்கு அது ஒண்ணுதான் காதுல விழுது" என்றார்.

மேல் துண்டின் தலையில் இருக்கிற உலோக வளையத்தைத்தான் சொன்னார். தொட்டுப் பார்த்தேன், விரலோடு சுற்றியது. கீயைத் தாங்குகிற குமிழ்களில் ஒன்றும் லேசாகத் திரும்பியது. இரண்டு சாட்சிகள் என் கண் முன்னால் நின்று வாக்குமூலம் கொடுத்தன. நான் காதில் வாங்கவில்லை. வளையத்தைக் கழற்றினேன், பட்டு நூலை இரண்டு சுற்று சுற்றினேன், வளையத்தைத் தட்டி ஏற்றினேன். குமிழுக்கும் ஒரு முறுக்கு. பத்து நிமிட வேலை. ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது.

"உங்க கைபட்டா எல்லாம் சரியாயிரும்க்கா" என்றார் தங்கச்சாமி.

அந்தப் பேச்சு எனக்கு வெயிலில் நின்றவளுக்குப் பானகம் கொடுத்தது போல இருந்தது. மறைக்க மாட்டேன், புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். நாலரை பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார். நான் அடுத்த வாத்தியத்தை எடுத்தேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். தம்பி, இப்போது எங்கே உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வீட்டில் பிள்ளைகள் படிப்பதால், தினமும் மூன்று மணி நேரம் மொட்டைமாடியில், எதிர்க்காற்றில் உட்கார்ந்து சாதகம் செய்துகொண்டிருந்தார். ஏன் அவ்வளவு சாதகம் என்றால், திருநெல்வேலிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் பேண்ட் மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, வாத்தியக்காரர் வீட்டு அடுப்பு அந்த இரண்டு மாதமும் யோசித்துத்தான் எரியும். அதற்கெல்லாம் ஒரு முடிவு வரும் வேலை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். தங்கச்சாமிக்கு நாற்பத்தைந்து முடிய மூன்று மாதம் இருந்தது. அது போனால் இன்னொன்று வராது. இதில் ஒன்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு நாள் காலை பத்தரை மணிக்குக் கடை வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியைத் திறந்து மேல் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

வெடித்திருந்தது. வளையத்துக்குக் கீழே ஆரம்பித்து, மயிரிழை மாதிரி இரண்டு விரற்கடை இறங்கி, முதல் துளைக்கு ஒரு அரிசி நீளம் முன்னால் நின்றிருந்தது. துளைகளை மூடிக்கொண்டு மேலே வாய் வைத்துக் காற்றை உறிஞ்சினேன். உதட்டைக் கவ்விப் பிடித்தது. அதாவது வெடிப்பு இன்னும் உள்ளே போகவில்லை, காற்று கசியவில்லை. இந்த நிமிடத்தில் இது வாசிக்கும். அடுத்த நிமிடம் எனக்குத் தெரியாது.

"நாளைக்குப் பத்து மணிக்கு அங்கன வாசிச்சுக் காட்டணும்க்கா" என்றார். அப்போதுதான் அந்த வேலையைப் பற்றியும் வயதைப் பற்றியும் முழுவதும் சொன்னார். சொல்லிவிட்டு, "பசையப் போட்டு மூடிருங்க. நாளைக்கு ஒரு நா தாங்குனா போதும். பொறவு என்னமும் ஆகட்டும்" என்றார்.

அவர் கேட்டது நடக்காத காரியம் இல்லை. கறுப்பு மரத்தூளும் பசையும் கலந்து தேய்த்து மெருகு போட்டால், வெடிப்பு இருந்த இடத்தை நானே கண்டுபிடிக்க முடியாது. பசைப் புட்டியைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் வளையத்தை மறுபடி பார்த்தேன். என் பட்டு நூலின் நுனி ஒன்று மயிரளவு வெளியே தெரிந்தது. வெடிப்பு சரியாக அதற்குக் கீழேதான் ஆரம்பித்திருந்தது.

புட்டியை மூடினேன். "தம்பி, அரை மணி நேரம் இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு மேல் துண்டை முந்தானையில் பொதிந்துகொண்டு வெளியே வந்தேன்.

மூன்று தெரு தள்ளி ஒரு கடைசல் பட்டறை. தறிகளுக்குக் கட்டை கடைந்து கொடுக்கிறவர். முன்பு மாட்டுவண்டிச் சக்கரமும் செய்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னை ஏன் எழுதினாய் என்று சண்டைக்கு வருவார். சொல்லாவிட்டாலும் வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ச-வுக்கும் ரி-க்கும் வித்தியாசம் தெரியாது, கிளாரினெட்டை ஊதுகுழல் என்றுதான் சொல்லுவார். ஆனால் மரத்தைத் தொட்டால் அதற்குக் காய்ச்சலா பசியா என்று சொல்லிவிடுவார். அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார்.

"இத யாரு இறுக்குனது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஆடிச்சு."

"ஆடுனா? வண்டிச் சக்கரத்துல இரும்புப் பட்டை லூசாயிருச்சுன்னா, வண்டிக்காரன் நடுவுல துணியத் திணிச்சா ஓட்டுவான்? குளத்துல இறக்கி நிப்பாட்டுவாம்லா. கட்ட தண்ணி குடிச்சு அதுவே பட்டையப் பிடிச்சுக்கிடும். ஏக்கா, வளையம் பெருசாகல. மரம் மெலிஞ்சிருக்கு. மெலிஞ்சவனுக்குச் சோறு போடாம பெல்ட்ட இறுக்கிவிட்டுருக்க. இது தெரியாமலா இத்தன வருசம் கட நடத்துத?"

பட்டறையில் வேலை செய்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய் உண்டு, வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். துண்டை வாங்கி மறுபடி முந்தானையில் பொதிந்துகொண்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. (செல்வி, உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு எந்தக் கிளாரினெட்டையும் குளத்தில் இறக்கிவிடாதே.)

திரும்பி நடக்கிற மூன்று தெருவில்தான் நான் யோசித்தேன். நீங்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பசை போட்டால் அனேகமாக நாளை மதியம்வரை தாங்கும். 'அனேகமாக' என்பது கல்யாண வீட்டு வாசிப்புக்குப் போதுமான வார்த்தை. மூன்று மாதம் மட்டுமே கையில் இருக்கிற ஒருவருக்குப் போதாது. நாளைக் காலை அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலில் ஏசி இருக்கும். பயத்தில் அவர் பலமாக ஊதுவார். அந்த ஒரு அரிசி நீளத்தை வெடிப்பு தாண்டித் துளைக்குள் போனால், கிளாரினெட் நாலு பேர் முன்னால் கீச்சென்று கத்தும். அது ஒரு பக்கம். மறுபக்கம் இருப்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பசை போட்டு மெருகேற்றிவிட்டால், என் பட்டு நூலையும் சத்தமில்லாமல் உருவிவிடலாம். மரம் பழசு, காற்று மோசம், விதி என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். என் பெயர் கெடாது. அந்த யோசனை எனக்கு வந்தது. ஒரு தெரு தூரம் அது என்னோடு நடந்தும் வந்தது.

கடைக்குள் போனதும் உட்காரக்கூட இல்லை. உட்கார்ந்தால் வார்த்தை மாறிவிடும் என்று பயம்.

"தம்பி, இது என்னால வெடிச்சது" என்றேன். "ரிங்கு ஆடுனப்பமே மரம் காஞ்சு போச்சுன்னு நான் கண்டுபிடிச்சிருக்கணும். வாசிப்ப நிறுத்தச் சொல்லி, ஈரம் ஏத்தியிருக்கணும். நூலச் சுத்தி இறுக்கி விட்டுட்டேன். அதுக்குப் பொறவு நீங்க தெனமும் வாசிச்சிருக்கிய. வெடிக்காம என்ன செய்யும்."

தங்கச்சாமி என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த துண்டையே பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"அன்னைக்கு எனக்குத் தெரியல."

"தெரியாதவிய கையில நான் ஏன் குடுத்தேன்."

குரல் உயரவே இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

பசை போட்டால் என்ன நடக்கலாம் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். கடையில் சோதனைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கிளாரினெட்டை எடுத்து முன்னால் வைத்தேன். "முடிவு உங்களது. ஆனா என்னயக் கேட்டா, நாளைக்கு இதத்தான் எடுத்துட்டுப் போகச் சொல்லுவேன்."

"பிளாஸ்டிக்கோட போய் நின்னா ஸ்கூல் பையன்னு நெனப்பாவ. ஒரு வருசமா நான் இதத் தொடவே இல்ல. வெரலு மறந்துருக்கும்."

"மவுத்பீஸ் உங்களது, ரீடு உங்களது, மூச்சு உங்களது. சத்தத்துல முக்காவாசி அங்கதான் இருக்கு. வெரலுக்கு ஏத்த மாதிரி மிச்சத்த நான் ஆக்கித் தாரேன். இப்ப மணி பதினொண்ணு. சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேற வேல கிடையாது."

மேஜையில் ஏழெட்டு வாத்தியம் அப்படியே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுங்க" என்றார்.

அன்றைக்கு நான் செய்த வேலையைப் போல அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. அவருடைய மவுத்பீஸ் கச்சிதமாக உட்கார புதுக் கார்க் ஒட்டினேன். அவர் மோதிர விரல் கொஞ்சம் தளர்வு என்று வாசிக்கும்போதே தெரிந்தது, அந்த விரலுக்கு உரிய கீயின் ஸ்பிரிங்கை மெலிதாக்கினேன். மரக் கிளாரினெட்டில் அவர் பழகிய உயரத்துக்கு ஒவ்வொரு கீயையும் ஏற்றி இறக்கினேன். நான் ஒன்றைச் சரிசெய்வேன், அவர் வாங்கி வாசிப்பார், தலையை ஆட்டுவார் அல்லது ஆட்டாமல் திருப்பிக் கொடுப்பார். வேலையைத் தவிர வேறு ஒரு பேச்சு இல்லை. எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வைத்தேன். ஆறி ஆடை படிந்தது, அவர் தொடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவர் ஒரு கீர்த்தனையை முழுதாக வாசித்தபோது டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இம்புட்டு நல்லாருக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கச்சாமி அதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் விரல்கள் இறுக்கம் விட்டதை நான் பார்த்தேன்.

நாலே கால் மணிக்குப் பிளாஸ்டிக் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்தார். மரத் துண்டை என் பக்கம் தள்ளினார். "இது இங்கன கிடக்கட்டும்" என்றார். படி இறங்கும்போது "போறேன்" என்றார். எங்கள் கடையிலிருந்து எவரும் "வாரேன்" என்று சொல்லாமல் போனதில்லை. அந்த வார்த்தை மனதைக் குத்தியது. அன்று ராத்திரி அவருக்காக ஜெபம் பண்ணினேன், எனக்காகவும் சேர்த்துத்தான்.

மறுநாள் பகல் முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் அவருடைய குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவர் குச்சி வாங்க வந்து, "தங்கச்சாமிக்கு வேல கிடைச்சிருச்சு, தெரியும்லா?" என்றார். தெரியும் என்று பொய் சொன்னேன். அவர் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். சந்தோஷம் பாதி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம் பாதி. கோபப்படுகிற இடத்தில் நான் இல்லை என்று புரிய இரண்டு நாள் ஆனது.

மரத் துண்டை நான் அவசரப்படுத்தவில்லை. முதல் வேலையாக என் நூலை உருவி எறிந்தேன். கீ எல்லாவற்றையும் கழற்றி, துண்டை ஒரு மூடிய டப்பாவில் வைத்து, துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் ஈரப் பஞ்சு போட்டு, மரத்தில் படாமல் அதன் பக்கத்தில் வைத்தேன். உட்புறம் துணியில் தொட்டு இரண்டே சொட்டு எண்ணெய். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் பாதி ஆனது. ஒரு நாள் வளையத்தைச் சுற்றிப் பார்த்தேன், சுற்றவில்லை. நூலும் இல்லை, பசையும் இல்லை, மரமே தேறி வந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டது. வெடிப்பும் நகம் வைத்துத் தேடினால்தான் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகுதான் பசையையும், வெடிப்பைக் குறுக்கே தைத்துப் பிடிக்கிற உலோகப் பின்னையும் தொட்டேன். அந்த முறை உங்களுக்குத் தெரியும்.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். வளையம் ஆடுகிறது என்று ஒருவர் வந்தால், கையில் எதையும் எடுக்காதீர்கள். எங்கே வைக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள், கடைசியாக எந்த ஊரில் வாசித்தீர்கள் என்று கேளுங்கள். வந்தவருக்கு அவசரம் இருக்கும். அவருடைய அவசரம் உங்கள் விரலுக்குள் ஏற விடாதீர்கள். சில நாள் ஒன்றுமே செய்யாமல், "இதை ஒரு மாதம் வாசிக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். வந்தவர் முகத்தைச் சுளிப்பார், வேறு கடைக்குப் போகிறேன் என்பார். போகட்டும்.

கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, தங்கச்சாமி வந்தார். பள்ளிக்கூடத்து மரக் கிளாரினெட் மூன்று கொண்டுவந்திருந்தார். நான் அவருடைய மேல் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உறிஞ்சிப் பார்த்தார், பெட்டியில் வைத்தார்.

"இந்த மூணையும் பாக்கணும்" என்றார்.

"வச்சிட்டுப் போங்க தம்பி. சாயங்காலம் வந்து வாங்கிக்கிடலாம்."

"இல்ல. நான் இங்கனயே இருக்கேன். நீங்க பாருங்க."

மேஜைக்கு எதிரே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. இத்தனை வருடத்தில் என் கையை நின்று காவல் காத்தவர் யாரும் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஏன் வந்தீர்கள் என்று கேட்க வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நம்பிக்கை இல்லைதான், ஆனாலும் வந்திருக்கிறார். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து மேஜைப் பக்கத்தில் போட்டேன்.

அவர் உட்கார்ந்தார். நான் எதைத் தொட்டாலும், "இது எதுக்கு?" என்று கேட்டார். ஏன் இங்கே எண்ணெய், ஏன் அங்கே இல்லை, இந்த வளையம் ஏன் இப்படி. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பதில் சொல்வதற்காக நின்று பார்த்ததில், இரண்டு இடத்தில் நான் செய்யப் போனது தவறு என்று எனக்கே தெரிந்து கையை எடுத்தேன். அதை அவர் கவனித்தார். இந்தத் தடவை வாங்கி வைத்த டீயைக் குடித்தார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்தார். ஒரு தடவைகூட வாத்தியத்தை விட்டுவிட்டுப் போனதில்லை. என்னைப் பற்றி வெளியே ஒரு குறை பேசியதில்லை, நாலு பேரை என்னிடம் அனுப்பியும் இருக்கிறார். ஆனால் தன் வாத்தியம் என்றால், முடியும்வரை உட்கார்ந்து, கேட்டு, பார்த்து, கையோடு வாங்கிக்கொண்டுதான் போவார்.

இந்த ஆடிக்கும் தங்கச்சாமி வருவார். இனி உங்களிடம்தான் வருவார். மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, நீங்கள் ஒரு திருகைத் தொட்டாலும் எதற்கு என்று கேட்பார். ரியாஸ், உனக்குக் கோபம் சட்டென்று வரும். நான் என்ன தப்பு செய்தேன், இவர் ஏன் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று தோன்றும். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அந்தச் சந்தேகம் நான் சம்பாதித்து அந்தக் கடையில் வைத்துவிட்டு வந்தது. நாற்காலியை எடுத்துப் போடு.